வாங்கிய வண்டியும் கட்டிய வண்டியும்: வட்டக்கச்சியில் இரண்டு பிக்ஸ்ட் கியர் சைக்கிள்கள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2022 யூன் மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்தபோது, வன்னியில் வீட்டுக்கு வீடு கொட்டிலுக்குள் சாத்திக் கிடந்த சைக்கிள்கள் மீண்டும் வெளியே வந்தன. 1990களில் பொருளாதாரத் தடையின்கீழ் வாழ்ந்த எங்கள் தலைமுறைக்கு அது புதிய காட்சி அன்று. பெற்றோல் இல்லாத அந்த ஆண்டுகளில் விறகும் நெல்லும் நோயாளியும் சைக்கிளில்தான் போனார்கள். அந்தக் காலத்தைக் காணாத என் தமக்கையின் மகனுக்கு, வட்டக்கச்சியிலிருந்து கிளிநொச்சி நகரிலுள்ள வேலைத்தலத்துக்கு நாளாந்தம் ஒருவழி 9 கிலோமீற்றர் மிதித்துப் போவது முதலில் ஒரு கட்டாயமாகவும், சில மாதங்களில் விட முடியாத விருப்பமாகவும் ஆயிற்று. அந்த விருப்பம் அவனைப் பிக்ஸ்ட் கியர் சைக்கிளிடம் கொண்டு சேர்த்தது. அவன் ஓடிய இரண்டு வண்டிகளையும், இரண்டாவது வண்டியில் நேர்ந்த விபத்தையும், அதன் பின்னர் நாங்கள் செய்த திருத்தத்தையும் இங்கே பதிவு செய்கிறேன். பாடசாலையில் தொழில்நுட்பப் பாடம் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற வகையில் இந்த வண்டிகளை நான் பலமுறை கழற்றிப் பார்த்து அளந்திருக்கிறேன். விபத்துக்கு உள்ளான வண்டியை, அது ஓடத் தொடங்குவதற்கு முன் கழற்றிப் பாராமல் விட்டவனும் நானே.

சாதாரண சைக்கிளின் பின்சில்லில் பிறீவீல் இருப்பதால், கால் மிதிப்பதை நிறுத்தினாலும் சில்லு தன்பாட்டில் உருளும். பிக்ஸ்ட் கியரில் பிறீவீல் இல்லை. செயின் ஓடும் பல்லுச்சில்லு, பின்சில்லின் நடுக்குடமான ஹப்புடன் இறுகப் பூட்டப்பட்டிருப்பதால் சில்லு உருளும் வரை பெடலும் சுற்றும், பெடலைப் பின்நோக்கி எதிர்த்தால் சில்லின் வேகம் குறையும். 1885இல் வெளிவந்த ரோவர் பாதுகாப்புச் சைக்கிள் இவ்வகையானதுதான். பிறீவீல் பரவலானது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில். பிரான்சின் நெடுந்தொலைவுப் போட்டியான ரூர் டி பிரான்சில் கியர் மாற்றும் பொறிமுறைக்கு 1937இல்தான் இடம் கிடைத்தது. ஓடுபாதைப் போட்டிகளில் இன்றும் இந்த வண்டிதான் ஓடுகிறது. யப்பானில் 1948இல் தொடங்கிய கெய்ரின் பந்தயமும் இதிலேயே நடக்கிறது. பின்னர் மேற்கு நாட்டு நகரங்களில் கடிதம் கொண்டுசெல்லும் இளைஞர்கள் இதைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே இதை விரும்புகிறவர் முன் எழும் முதற் கேள்வி, கடையில் முழுமையாகப் பூட்டி விற்கும் வண்டியை வாங்குவதா, சட்டம் முதல் நட்டு வரை தானே தெரிந்து கட்டுவதா என்பது. அதே கேள்வி வட்டக்கச்சியில் எழுந்தபோது அதற்கு வேறு பொருள் இருந்தது.

இலண்டனிலிருந்து வந்த வண்டி

முதலாவது வண்டியை இலண்டனிலுள்ள உறவினர் 2023இன் தொடக்கத்தில் வீட்டுச் சாமான்களோடு பெட்டியில் போட்டு அனுப்பினார். ஆயத்தமாகக் கடையில் வாங்கியது. உருக்குச் சட்டம், முன்னே 46 பல், பின்னே 16 பல், 25 மில்லிமீற்றர் அகல ரயர், 165 மில்லிமீற்றர் பெடல் தண்டு. பின்ஹப்பின் ஒரு பக்கத்தில் நிலையான பல்லுச்சில்லும் மறுபக்கத்தில் பிறீவீலும் பூட்டக்கூடியதாக இருந்தது. சில்லைத் திருப்பிப் போட்டால் அதே வண்டி சாதாரண வண்டியாகிவிடும். முன்பிறேக் இருந்தது. பிரித்தானியாவின் 1983ஆம் ஆண்டு விதிகளின்படி வீதியில் ஓடும் சைக்கிளுக்கு ஒன்றில் ஒன்று தங்கியிராத இரண்டு நிறுத்தும் வழிகள் வேண்டும். நிலையான பல்லுச்சில்லு அவற்றில் ஒன்றாகக் கொள்ளப்படுவதால், முன்பிறேக் மட்டும் இருந்தாலும் அந்த விதி நிறைவேறும்.

தார் வீதியில் அந்த வண்டியின் ஓட்டத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வன்னி சமதரை, ஏ9 வீதியில் மேடு என்று சொல்லத்தக்க ஒன்று அரிது. கியர் மாற்றும் கம்பியோ சுருளோ இல்லாத வண்டிக்கு மாரிகாலச் சேற்றினால் வரும் கேடும் குறைவு. நானே ஒரு காலைப்பொழுது அதில் இரணைமடுச் சந்தி வரை போய்வந்தேன். காலும் சில்லும் ஒன்றாகிவிட்ட அந்த உணர்வை இளைஞர்கள் ஏன் விரும்புகிறார்கள் என்பது எனக்கு அன்று விளங்கியது.

ஆனால் மருமகனின் பாதையில் மூன்று கிலோமீற்றர் கிரவல் வீதியும் வாய்க்கால் கரையும் உண்டு. அந்தச் சட்டத்தினுள் 28 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட ரயர் நுழையாது. ஒல்லியான ரயரில் காற்றைக் குறைத்தால் ரிம் கல்லில் அடிபட்டு ரியூப் இரண்டு பல் பதிந்ததுபோல் கிழிந்தது. கூட்டினால் வண்டி கிரவலில் துள்ளியது. உடைமுள் ஏறினால் சொல்லவே வேண்டாம். காற்றடிக்கும் இடமும் வேறுபட்டது: எங்கள் கடைகளின் பம்புகள் சாதாரண வால்கட்டைக்கு உரியவை, அந்த ரியூபின் வால்கட்டையோ ஒல்லியான வேறு வகை. இடையில் பூட்டும் சிறிய பித்தளைத் துண்டை அவன் திறப்புக்கோவையில் கொழுவித் திரிந்தான். அது தொலைந்த அன்று நாலு கிலோமீற்றர் உருட்டி வந்தான்.

சோளகம் எழுந்ததும் மற்றொரு குறை தெரிந்தது. 46க்கு 16 என்ற பல் விகிதத்தில், பெடல் ஒருமுறை சுற்ற வண்டி ஏறத்தாழ 6 மீற்றர் முன்னேறும். நல்ல தாரில், காற்றில்லாத நாளில், அது அளவான விகிதம். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வயல்வெளியைக் கடந்து வரும் சோளகத்துக்கு எதிரே அதை மிதிப்பது முழங்காலைப் பிடித்து இழுப்பதற்கு ஒப்பாகும்; பிறீவீல் இல்லாததால் இடையில் காலை ஆறவிடவும் முடியாது.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். என்னைக் கவலைக்குள்ளாக்கியது ஓடுபாதை வண்டிகளுக்கே உரிய நெருக்கமான அமைப்பு. முன்சில்லு பெடலுக்கு மிக அண்மையில் இருப்பதால், மெதுவாக வளைக்கும்போது சப்பாத்தின் நுனி முன்சில்லில் முட்டும். சாதாரண வண்டியென்றால் காலை அசையாமல் வைத்துக்கொண்டு வளைத்துவிடலாம். இதில் கால் நிற்காது. மணல் கூடிய எங்கள் ஒழுங்கை முடக்கில் அவன் இரண்டு முறை இப்படியே விழுந்தான். போதாததற்குக் கரியர் பூட்டச் சட்டத்தில் ஒரு துளைகூட இல்லை. அரிசிப் பையோ மருந்துப் பையோ கொண்டுவர முடியாத சைக்கிளை வன்னியில் ஒரு குடும்பம் எவ்வளவு காலம் வைத்திருக்கும்?

பட்டறையில் கட்டிய வண்டி

2023இன் நடுப்பகுதியில் அவன் தாத்தாவின் பழைய வண்டியின் சட்டத்தைக் கேட்டான். 1995 ஒக்ரோபரில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது பெட்டி படுக்கையைச் சுமந்து வந்து, பிறகு கிளிநொச்சியில் ஓடிய சட்டம் அது. 2006 ஓகஸ்ட்டில் ஏ9 பாதை மூடப்படுவதற்குச் சில கிழமைகள் முன்னர் வவுனியாவில் உறவினர் வீட்டில் விடப்பட்டதால் 2009க்குப் பின்னும் எங்களிடம் எஞ்சியது.

இத்தகைய பழைய கறுப்பு வண்டிச் சட்டம் பிக்ஸ்ட் கியருக்குப் பொருந்தும் என்பது பலருக்குத் தெரியாது. கியர் மாற்றும் இன்றைய வண்டிகளிற் பலவற்றில் பின்அச்சு நுழையும் வாய் கீழ்நோக்கித் திறந்திருக்கும். அதில் அச்சை முன்பின் நகர்த்திச் செயினை இறுக்க வழியில்லை. பிக்ஸ்ட் கியரில் செயினை இறுக்க வேறு பொறிமுறையும் பூட்ட முடியாது. தாத்தாவின் சட்டத்தில் அந்த வாய் கிடையாகப் பின்நோக்கித் திறந்திருந்தது, ஓடுபாதை வண்டியில் இருப்பதைப் போலவே. எட்டில் ஓர் அங்குல அகலச் செயினும் இரண்டு வகை வண்டிக்கும் ஒன்றே. எந்தச் சந்தியிலுள்ள சைக்கிள் கடையிலும் கிடைக்கும். சட்டம் நீளமானது என்பதால் கால் முன்சில்லில் முட்டாது. ஆகவே சட்டத்தைப் பற்றிய அவனது தெரிவு சரியானது.

பிழை பின்ஹப்பில் நேர்ந்தது. கட்டிக் கொடுத்தவர் அறுபது வயதைத் தாண்டிய சைக்கிள் திருத்துநர். தடைக்காலத்தில் இல்லாத பொருளை இருப்பதாக்கி ஓடவைத்தவர்களில் ஒருவர். அவரது கைத்திறமையில் எனக்கு இன்றும் மதிப்புக் குறையவில்லை. பழைய பிறீவீல் ஒன்றின் வெளிப்பல் வளையத்தை எடுத்து, அதனுள் லேத்தில் புரி வெட்டிய உருக்கு வளையத்தைப் பொருத்தி உருக்கி ஒட்டி, பிறீவீல் பூட்டும் சாதாரண ஹப்பில் அதை முறுக்கி ஏற்றினார். எஞ்சிய புரியில், பெடல் அச்சுக் கோப்பையை இறுக்கும் பூட்டு வளையத்தைப் போட்டு இறுக்கினார். அந்த இரண்டு புரிகளும் ஒரே அளவு: 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 சுற்று. வளையம் கச்சிதமாக ஏறியது. கச்சிதமாக ஏறுவதுதான் இதிலுள்ள பொறி.

மருமகன் பிறேக்குகள் இரண்டையும் கழற்றச் சொல்லியிருக்கிறான். வண்டி துப்புரவாகத் தெரியவேண்டும் என்பது அவன் எண்ணம். பின்பிறேக்கைக் கழற்றிய திருத்துநர் முன்பிறேக்கில் கைவைக்க மறுத்துவிட்டார்.

"தம்பி, முன்பிறேக்கைக் கழட்டச் சொன்னால் வண்டியை இப்பிடியே கொண்டு போம். நான் ஒப்பமாட்டன்."

"ஐயா, காலாலேயே நிப்பாட்டலாம்."

"கால் வழுக்கினால்?"

அவர் பிடிவாதமாக விட்டுவைத்த அந்தப் பிறேக் இல்லாவிட்டால், கீழே சொல்லப்போவது இதைவிடக் கொடியதாக முடிந்திருக்கும். வண்டி வீட்டுக்கு வந்த அன்று மருமகன் என்னிடம் காட்டி, "மாமா, எப்பிடி இருக்கு?" என்று கேட்டான். பூச்சையும் சில்லின் நேரையும் பார்த்து நல்லது என்றேன். பின்அச்சைக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும்.

நவம்பர் விபத்தும் அதன் காரணமும்

அந்த ஆண்டு நவம்பரில் ஒரு மழை மாலை, இரணைமடுச் சந்திக்கு அண்மையில், வீதியின் குறுக்கே மாடு ஒன்று ஏறியது. மாடு ஏறாத நாள் அந்த வீதியில் இல்லை. அவன் வழமைபோல் பெடலைப் பின்நோக்கி அழுத்தினான். ஒரு கணம் பிடித்த பல்லுச்சில்லு சட்டென்று விடுபட்டு, பெடல் வெறுமனே பின்னுக்குச் சுற்றியது. முன்பிறேக்கைப் பிடித்தபோது அது நனைந்த ரிம்மில் வழுக்கியது. மாட்டில் மோதாமல் வெட்டித் திருப்பியவன் வீதியோரக் கானுக்குள் விழுந்தான். இடது மணிக்கட்டு எலும்பு வெடித்து ஆறு கிழமை மாவுக்கட்டோடு இருந்தான்.

மறுநாள் ஹப்பை மேசையில் வைத்து மண்ணெண்ணெயில் கழுவினேன். புரியின் வெளிப்பக்கத்து மூன்று சுற்றுகளின் முனைகள் மழுங்கி நாணயத்தின் விளிம்பைப் போல மினுங்கின. உள்ளே எஞ்சிய சுற்றுகள் கூராகவே இருந்தன. அவற்றின் இடுக்கில் கிரீசோடு கலந்த சிவப்புக் கிரவலும், அதற்குள் நகத்தில் ஒட்டும் அளவு நுண்ணிய உருக்குத் தூளும் இருந்தன. பூட்டு வளையத்தைக் கையால் சுழற்றிக் கழற்ற முடிந்தது. ஒரே நாளில் கழன்றிருந்தால் இந்தத் தூள் சேர்ந்திராது. பல கிழமைகளாகப் பல்லுச்சில்லு முன்னும் பின்னும் அசைந்து புரியைத் தின்றிருக்கிறது. ஓடியவனின் காலுக்கு அந்த அசைவு செயின் தளர்வாகத் தோன்றியிருக்கிறது. இரண்டு முறை செயினை இறுக்கியதாக அவனே பின்னர் சொன்னான்.

காரணம் இதுதான். வலப்பக்கப் புரியில் ஏறிய பல்லுச்சில்லு, முன்நோக்கி மிதிக்கும்போது தானாக இறுகும்; பின்நோக்கி எதிர்க்கும்போது கழலும் திசையில் முறுக்கப்படும். சாதாரண வண்டியில் பின்நோக்கி மிதித்தால் பிறீவீல் வெறுமனே சுற்றுவதால் இந்த முறுக்கு அங்கே எழுவதே இல்லை. உண்மையான பிக்ஸ்ட் கியர் ஹப்பில் இரண்டு படிகள் உண்டு: உட்படியில் பல்லுச்சில்லுக்கான, வலமாகச் சுற்ற இறுகும் வலப்புரி; வெளிப்படியில் சற்றுச் சிறிய 1.29 அங்குல விட்டத்தில், இடமாகச் சுற்ற இறுகும் இடப்புரி. அந்த இடப்புரியில் பூட்டு வளையம் ஏறுகிறது. பல்லுச்சில்லு கழலத் தொடங்கினால் அது உராய்ந்து திருப்பும் திசை, வளையத்துக்கு இறுகும் திசையாக அமைகிறது. கழற்ற முயலும் விசையே பூட்டை இறுக்குகிறது. சாதாரண ஹப்பில் போட்ட வளையமோ அதே வலப்புரியில் இருப்பதால், பல்லுச்சில்லு கழலும்போது கூடவே கழலும். எவ்வளவு பலமாக இறுக்கினாலும், புரிப் பசை பூசினாலும், திசை மாறாது. ஒட்டு வேலையில் ஒரு வெடிப்பும் இருக்கவில்லை. அந்த மனிதர் ஒட்டிய ஒட்டு இன்றும் உறுதியாக இருக்கிறது.

இரண்டாவது காரணம் மழையும் ரிம்மும். குரோம் பூசிய உருக்கு ரிம்மை றப்பர்க் கட்டை நனைந்த நிலையில் மிக மோசமாகவே பிடிக்கும். மாவுக்கட்டு அவிழ்த்த பின் வாய்க்கால் கரையில், அதே முன்சில்லைக் கொண்டு, ஏறத்தாழ ஒரே வேகத்தில் நானே ஓடிச் சோதித்தேன். காய்ந்த ரிம் 7 கவட்டில் நின்றது. ஒரு வாளி தண்ணீர் ஊற்றிய பின் 20 கவடு கடந்தது. தாத்தா காலத்தில் இது அவ்வளவு உறைக்கவில்லை, ஏனென்றால் அவர் இரண்டு பிறேக்கோடு, மெதுவாக, மழை பெய்தால் இறங்கி உருட்டிக்கொண்டு போனவர்.

மறுகட்டமைப்பு

2024 தையில் மூவரும், அதாவது மருமகனும் திருத்துநரும் நானும், மீண்டும் அந்தச் சட்டத்தோடு இருந்தோம். இலண்டன் வண்டியைத் திருப்பி ஓடுவதா என்று அவன் கேட்டான். அதன் சில்லுகளைக் கழற்றித் தாத்தாவின் சட்டத்தில் போடுவோம் என்றேன். தொழிற்சாலையில் வெட்டிய இரண்டு படி ஹப் ஒன்றே எங்கள் லேத்தில் நம்பிச் செய்யமுடியாத உறுப்பு. மற்ற எல்லாவற்றையும் வன்னியில் நாங்கள் அதைவிட நன்றாகச் செய்யலாம் என்பதே அன்றும் இன்றும் என் நிலைப்பாடு.

புதிய ஹப்பை மட்டும் எடுத்துப் பழைய ரிம்மில் கோர்க்க எண்ணியது நடக்கவில்லை. தாத்தாவின் பின் ரிம்மில் 40 கம்பித் துளைகள், இலண்டன் ஹப்பில் 32. ஆகவே இரண்டு சில்லுகளையும் முழுதாக மாற்றினோம். ஹப்பின் அகலம் 120 மில்லிமீற்றர். சட்டத்தின் பின்வாய் இடைவெளி 114. உருக்குச் சட்டம் என்பதால் நீண்ட புரித்தண்டில் இரண்டு நட்டுகளைப் போட்டு, பக்கத்துக்கு 3 மில்லிமீற்றர் வீதம், சிறிது சிறிதாக விரித்தோம். திருத்துநர் கான்டில் குழாயிலிருந்து பின்வாய்கள் வரை இருபக்கமும் நூல் பிடித்து, சீற்றுக் குழாயிலிருந்து நூலின் தூரம் இரண்டு பக்கமும் சமமா என்று நாலு முறை அளந்தார். வலப்பக்கம் அரை மில்லிமீற்றர் கூடியபோது திருப்தியில்லாமல் மீண்டும் தொடங்கினார். முன்சில்லைத் தாங்கும் கவையின் வாய் 8 மில்லிமீற்றர் அச்சுக்கு வெட்டியது, புதிய அச்சு 9 என்பதால் அரத்தால் ராவினோம். ரிம் இப்போது அலுமினியம். அதில் உள்ளூரில் பெண்கள் சைக்கிளுக்கு விற்கும் நீளக்கைப் பிறேக் முன்னும் பின்னும் எட்டியது. பிக்ஸ்ட் கியருக்குப் பின்பிறேக் வேண்டாம் என்பவர்கள் உண்டு. மாடும் மாரியும் உள்ள வீதியில் நான் அதை ஏற்கமாட்டேன்.

சட்டத்தில் இடம் தாராளமாக இருந்ததால் 35 மில்லிமீற்றர் ரயர் போட்டோம். சாதாரண பம்புக்குரிய வால்கட்டையுடைய ரியூப் போடுவதற்காக ரிம்மின் துளையைச் சற்றே பெருப்பித்தோம். முன்னே தாத்தாவின் 44 பல்லும் பின்னே வரவழைத்த 18 பல்லும் சேர்ந்து, ஒரு சுற்றுக்கு 5.3 மீற்றர், சோளகத்துக்கு எதிரே அவனால் சீராக மிதிக்க முடிகிறது. பெடலை அசையாமல் பிடித்துப் பின்சில்லை வழுக்கவிட்டு நிறுத்திப் பழகும் இளைஞர்களுக்கு இந்தப் பல் எண்ணிக்கையில் இன்னொரு கணக்கும் உண்டு. 48க்கு 16 என்று வைத்தால் விகிதம் சரியாக 3 என்பதால், ஒரே காலை முன்வைத்து வழுக்கும்போது ஒவ்வொரு முறையும் ரயரின் ஒரே இடமே தேயும். 44க்கு 18 என்றால் தேய்வு ஒன்பது இடங்களில் பகிரப்படும். ரயர் விற்கும் விலைக்கு இது சிறிய கணக்கன்று.

பழைய பெடல் தண்டு ஆப்பு ஆணி அடித்து இறுக்கும் வகை. பின்நோக்கி எதிர்க்கும்போது அந்த ஆணி மாறிமாறி இரு திசையிலும் அடிவாங்கித் தளரும் என்பதால் புதிய ஆணி போட்டு, 50 கிலோமீற்றருக்கு ஒருமுறை இறுக்கினோம். நான்காவது முறைக்குப் பின் அது அசையவில்லை. முன்பல்லுக்கும் பின்பல்லுக்கும் நூல் பிடித்தபோது 3 மில்லிமீற்றர் விலகியிருந்தது. பல்லுத்தட்டின் உட்புறத்தில் வளையங்கள் வைத்து நேராக்கினோம். செயினின் தளர்வை நடுவில் விரலால் அழுத்தி ஒரு சென்ரிமீற்றருக்குள் வைத்தோம், அதுவும் பெடலைச் சுற்றிப் பார்த்து மிக இறுகும் இடத்தில் அளந்து.

செயின் மூடியைக் கழற்ற நான் விடவில்லை. மருமகன் அதை அழகுக் குறைவு என்கிறான். பிறீவீல் உள்ள வண்டியில் சாரமோ சேலைத் தலைப்போ செயினில் சிக்கினால் கால் நின்றுவிடும். சில்லு உருண்டாலும் செயின் இழுக்காது. பிக்ஸ்ட் கியரில் வண்டியின் வேகமே செயினை இழுத்துக்கொண்டு போகும். வண்டியைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுற்றி விளையாடும் குழந்தையின் விரலுக்கும் அதே கதிதான். வீட்டில் நாலு வயதுப் பிள்ளை ஒன்று எப்போதும் அந்தச் சைக்கிளைச் சுற்றியே நிற்கிறது.

இன்று அந்த வண்டி கரியரோடு, மணியோடு, இரண்டு பிறேக்கோடு நகருக்குப் போய்வருகிறது. இலண்டன் சட்டம் திருத்துநரின் பட்டறை வளையில் சில்லில்லாமல் தொங்குகிறது. தாருக்கு மட்டும் ஓடுகிற யாராவது கேட்டால் கொடுக்கலாம் என்று வைத்திருக்கிறார். பிக்ஸ்ட் கியர் கட்டித்தரும்படி வேறு இரு இளைஞர்கள் கேட்டபோது, இடப்புரி உள்ள ஹப்பைக் கொண்டு வந்தால்தான் தொடுவேன் என்று அனுப்பிவிட்டார். மருமகன் பூட்டு வளையத்துக்கும் பல்லுச்சில்லுக்கும் குறுக்கே தங்கையின் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு இழுத்திருக்கிறான். ஞாயிறு காலைகளில் வண்டியைச் சாய்த்து அந்தக் கோடு முறிந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். இதுவரை நேராகவே இருக்கிறது.